ஆங்கிலத்தில் விகிதம் சொல்லும் வழக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிக்கை, டெண்டர், மெயில், மொழிபெயர்ப்பு என்று ஆங்கிலத்தோடு தினமும் மல்லுக்கட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சதவீதக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். தகராறு வருவது கணக்கில் இல்லை, அதைச் சொல்லும் வாக்கியத்தில். ஆங்கிலத் தொடர்களை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

‘ஹாஃப் அஸ் மச் அகெய்ன்’ என்றால் பாதியா, ஒன்றரையா?

ஒன்றரை மடங்கு. முன்பு 200 ரூபாய், இப்போது ‘ஹாஃப் அஸ் மச் அகெய்ன்’ என்றால் 300 ரூபாய். கடைசியில் வரும் ‘அகெய்ன்’தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: ஏற்கெனவே இருப்பது அப்படியே இருக்க, அதன் மேல் இன்னொரு பாதி. அந்தச் சொல் விழுந்துவிட்டால் ‘ஹாஃப் அஸ் மச்’, அதாவது வெறும் 100 ரூபாய். ஒரே ஒரு சொல் தட்டச்சில் விட்டுப்போனால் தொகை மூன்றில் ஒன்றாகிவிடும்.

இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் ‘ஹாஃப் அகெய்ன் அஸ் மச்’ என்று சொல்வைப்பை மாற்றுவார்கள், அளவு மாறாது. எண்ணக்கூடியவை என்றால் ‘மச்’ இருக்கும் இடத்தில் ‘மெனி’ வரும். ‘ஹாஃப்’ இல்லாமல் ‘அஸ் மெனி அகெய்ன்’ என்று மட்டும் வந்தால் முன்பு சொன்ன அதே எண்ணிக்கை இன்னொரு தடவை. உள்ளே 40 பேர், ‘அஸ் மெனி அகெய்ன்’ வெளியே என்றால் வெளியேயும் 40 பேர். ‘எ தேர்ட் அஸ் மச் அகெய்ன்’ என்றால் 300 என்பது 400 ஆகும்.

படிக்கும்போது புரிந்தால் போதும் என்பேன். கட்டுரையில் எழுதினால் அழகாகத்தான் இருக்கும். கொட்டேஷனில் எழுதினால் எதிராளி எப்படிப் படிப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. அங்கே ரூபாயையே எழுதிவிடுங்கள்.

‘த்ரீ டைம்ஸ் மோர் தேன்’ என்பது மூன்று மடங்கா, நான்கு மடங்கா?

(தமிழில் எழுதினால் மோரும் தேனும் கலந்த மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஆங்கிலம் பேசுபவர்களே இதில் இரண்டு கட்சி. பழைய இருப்பு 100. அதைவிட மூன்று மடங்கு ‘மோர்’ என்றால் 100-க்கு மேல் 300 சேர்ந்து 400 என்பது ஒரு கட்சி. பேச்சு வழக்கில் யாரும் அப்படி நினைப்பதில்லை, 300-தான் என்பது இன்னொரு கட்சி. நடைமுறையில் பெரும்பாலான எழுத்தாளர்கள் 300 என்ற பொருளில்தான் எழுதுகிறார்கள். ஆனால் படிப்பவர் ஆடிட்டராகவோ ஆராய்ச்சி மாணவராகவோ இருந்தால் 400 என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

தப்பிக்க எளிய வழி ‘த்ரீ டைம்ஸ் அஸ் மெனி அஸ்’. இதற்கு 300 தவிர வேறு பொருளே கிடையாது.

சதவீதத்தில் சொல்லும்போது ‘பை’, ‘டு’ இரண்டையும் கவனிக்க வேண்டும். ‘இன்கிரீஸ்டு பை 200 பர்சன்ட்’ என்றால் 100 என்பது 300 ஆனது. ‘இன்கிரீஸ்டு டு 200 பர்சன்ட்’ என்றால் 200 ஆனது. ‘த்ரீஃபோல்ட் இன்கிரீஸ்’ என்பதைப் பெரும்பாலானோர் மூன்று மடங்கு ஆனது என்றே புரிந்துகொள்கிறார்கள். இருந்தாலும் பக்கத்திலேயே ‘ஃப்ரம் 100 டு 300’ என்று போட்டுவிட்டால் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

‘த்ரீ டைம்ஸ் ஸ்மாலர்’, ‘ட்வைஸ் அஸ் சீப்’ என்று எழுதலாமா?

எழுதுகிறார்கள். புதிய வழக்கும் அல்ல. ஆனால் கணக்காகப் பார்த்தால் இடிக்கும்: 90 ரூபாய்ப் பொருளில் ஒரு மடங்கைக் கழித்தாலே பூஜ்யம், மூன்று மடங்கை எங்கே கழிப்பது? ‘எ தேர்ட் ஆஃப் த ப்ரைஸ்’, ‘ஹாஃப் த ப்ரைஸ்’ என்று நேராகச் சொல்லலாம்.

‘ட்வைஸ் த சைஸ்’ என்று சொல்வதில் என்ன குழப்பம்?

எது இரு மடங்கு என்று சொல்லாததுதான். 32 இன்ச் டிவியையும் 65 இன்ச் டிவியையும் எடுத்துக்கொள்வோம். மூலைக்கு மூலை குறுக்களவு இரு மடங்கு. ஆனால் திரையின் பரப்பு நான்கு மடங்குக்குச் சற்று மேல். வட்டமான பாத்திரத்துக்கும் இதே கதைதான்: விட்டம் இரட்டித்தால் வாயகலப் பரப்பு நான்கு மடங்காகும். உயரமும் சேர்ந்து இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்கு. ஆகவே ‘சைஸ்’ என்று பொதுவாக விடாமல் ‘டயாமீட்டர்’, ‘ஏரியா’, ‘வால்யூம்’ என்று எதுவென்று குறிப்பிடுங்கள்.

‘பர்சன்ட்’, ‘பர்சன்டேஜ் பாயின்ட்’, ‘பேசிஸ் பாயின்ட்’: எதை எங்கே போடுவது?

அதிகமாகச் சொதப்பப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரண்டு சதவீதங்களைக் கழித்தால் வருவது ‘பர்சன்டேஜ் பாயின்ட்’. பழைய சதவீதத்தை நூறாக வைத்து மாற்றத்தைக் கணக்கிட்டால் வருவது ‘பர்சன்ட்’. ஒரு பாயின்ட்டில் நூறில் ஒரு பங்கு ‘பேசிஸ் பாயின்ட்’.

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி) 6.5 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கியது. இது 25 பேசிஸ் பாயின்ட், அல்லது 0.25 பர்சன்டேஜ் பாயின்ட். இதையே ‘கட் பை 0.25 பர்சன்ட்’ என்று எழுதினால், 6.5-இல் 0.25 சதவீதம் என்று ஒருவர் பொருள்கொண்டு வட்டி கிட்டத்தட்ட குறையவே இல்லை என்று முடிவுகட்டலாம். உண்மையில் 6.5-இலிருந்து 6.25-க்கு இறங்கியது சுமார் 3.8 சதவீதக் குறைவு. வங்கிக்காரர்கள் பேசிஸ் பாயின்ட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவது பந்தாவுக்காக இல்லை, இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான்.

இன்னொரு உதாரணம் சிமென்ட். 2025 செப்டம்பர் 22 முதல் அதன் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரி விகிதம் 10 பர்சன்டேஜ் பாயின்ட் இறங்கியது. அரசுக்குப் போகும் வரித்தொகை, அடிப்படை விலை மாறாத பட்சத்தில், சுமார் 36 சதவீதம் குறைந்தது. வாங்குபவர் கொடுக்கும் விலையோ 128 ரூபாய் இருந்த இடத்தில் 118 ஆகிறது, அதாவது சுமார் 7.8 சதவீதம்தான் குறைவு. மூன்று எண்களும் சரி. கடைக்கு வருபவருக்கு வேண்டியது மூன்றாவது. தலைப்பில் பெரும்பாலும் வருவது முதலாவது. அதையும் ‘10 பர்சன்ட் சீப்பர்’ என்று எழுதிவிட்டால் அது தப்பே.

‘டபுள்ஸ் த ரிஸ்க்’ என்று மருத்துவச் செய்தியில் வந்தால் எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது?

எதிலிருந்து எதற்கு என்று முதலில் தேடுங்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது: மூன்றாம் தலைமுறை கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன, அதாவது 100 சதவீத உயர்வு. கேட்ட பெண்களில் பலர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்பட்டது.

அந்த இரட்டிப்பு உண்மையில் எவ்வளவு? முந்தைய தலைமுறை மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவர் என்று இருந்தது இதில் இருவர் ஆனது. 7,000 பேரில் ஒருவர் கூடுதல். போதாததற்கு, ரத்தக்கட்டு அபாயம் கர்ப்பகாலத்தில் மாத்திரையைவிட அதிகம். ‘100 பர்சன்ட் இன்கிரீஸ்’ என்ற சொற்களில் பொய் எதுவும் இல்லை. அடியில் இருக்கும் எண்ணைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் எழுதினால் ‘ஃப்ரம் 1 இன் 7,000 டு 2 இன் 7,000’ என்று முதலில் போட்டுவிட்டு, வேண்டுமானால் அப்புறம் ‘டபுள்டு’ சேருங்கள். இரண்டு பின்னத்துக்கும் கீழே ஒரே எண் இருக்கட்டும். ‘1 இன் 7,000’, ‘1 இன் 3,500’ என்று கொடுத்தால் கணக்கு அதேதான், ஆனால் படிப்பவர் கண்ணுக்கு 3,500 சிறிய எண்ணாகத் தெரிந்து அபாயம் குறைந்ததாகக்கூடத் தோன்றும்.

‘ஒன் இன் சிக்ஸ்’, ‘ஒன் டு சிக்ஸ்’ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. முதலாவது மொத்தத்தில் பங்கு, இரண்டாவது ஒன்றுக்கு எதிரே மற்றொன்று.

கட்டுவேலை நடக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். ‘ஒண்ணுக்கு ஆறு’ கலவை என்றால் ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல். மொத்தம் ஏழு பங்கு, அதில் சிமென்ட் ஏழில் ஒன்று. எந்தக் கொத்தனாருக்கும் இதில் சந்தேகம் வராது. இதையே ஆபீஸில் உட்கார்ந்து அறிக்கை எழுதுபவர் ‘ஒன்-சிக்ஸ்த் சிமென்ட்’ என்று மாற்றிவிடுவார், அங்கேதான் தப்பு. (1:2:4 ஜல்லிக் கலவையிலும் கூட்டிப் பாருங்கள், அளந்து போடும் கணக்கில் சிமென்ட் ஏழில் ஒன்றுதான் வரும்.)

ஆய்வகத்தில் இன்னும் சிக்கல். 1:10 டைல்யூஷன் (நீர்க்கச் செய்தல்) என்று எழுதினால் சிலர் ஒரு பங்கோடு ஒன்பது பங்கு சேர்த்து மொத்தம் பத்து ஆக்குவார்கள், சிலர் பத்துப் பங்கு சேர்த்துப் பதினொன்று ஆக்குவார்கள். ‘ஒன் பார்ட் சாம்பிள் ப்ளஸ் நைன் பார்ட்ஸ் வாட்டர்’ என்று எழுதினால் வாக்கியம் நீளும், பிழை வராது.

பந்தயத்தில் வரும் ‘டென் டு ஒன் அகென்ஸ்ட்’ என்பதும் இந்த வகைதான்: தோற்கப் பத்து, ஜெயிக்க ஒன்று, ஆக வாய்ப்பு பதினொன்றில் ஒன்று. ‘நைன் டைம்ஸ் அவுட் ஆஃப் டென்’ என்று பேச்சில் வந்தால் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் என்று பொருள், அவ்வளவே.

‘ஒன் இன் ஃபைவ் ஸ்டூடண்ட்ஸ்’ என்றபின் ‘இஸ்’ஸா, ‘ஆர்’ஆ?

இரண்டும் அச்சில் வருகின்றன. இலக்கணம் பார்க்கும் இடத்தில் ‘இஸ்’ போடுங்கள். ‘டூ-தேர்ட்ஸ் ஆஃப்’ வந்தால் அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள்: மாணவர்கள் என்றால் ‘ஆர்’, தண்ணீர் என்றால் ‘இஸ்’. ‘த ப்ரொபோர்ஷன் ஆஃப்’ என்று தொடங்கினால் எப்போதும் ‘இஸ்’. நம்மூர் ஆங்கிலத்தில் ‘70 பர்சன்ட் ஸ்டூடண்ட்ஸ்’ என்று எழுதுகிறோம். நடுவில் ‘ஆஃப்’ வேண்டும். ‘த்ரீ-ஃபோர்த்’ என்று விடாமல் கடைசியில் ‘ஸ்’ சேர்க்க வேண்டும்.

‘ஒன் பை த்ரீ’ என்று வெளிநாட்டு கிளையன்டிடம் சொன்னால் புரியவில்லையே?

பள்ளியில் நமக்குப் பின்னத்தை அப்படித்தான் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஹோட்டலில் ஒரு சூப்பை இரண்டு கிண்ணத்தில் ஊற்றித் தரச் சொல்லவும் ‘ஒன் பை டூ’ என்கிறோம், சர்வருக்கு நன்றாகப் புரிகிறது. அமெரிக்கர் காதில் ‘டூ பை ஃபோர்’ என்று விழுந்தால் அவர் நினைப்பது மரச்சட்டத்தை: அங்கே அது ஒரு பலகை அளவு. ‘ஒன் தேர்ட்’, ‘த்ரீ குவார்ட்டர்ஸ்’ என்று சொல்லுங்கள். சிக்கலான பின்னத்துக்கு ‘ஓவர்’: ‘செவன் ஓவர் தர்ட்டி-டூ’.

அவர்களுக்கும் பின்னம் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துவிட வேண்டாம். 1980-களில் அமெரிக்காவின் ஏ அண்ட் டபிள்யூ உணவகம், மெக்டொனால்ட்ஸின் கால் பவுண்டு பர்கருக்குப் போட்டியாக அதே விலையில் மூன்றில் ஒரு பவுண்டு பர்கரைக் கொண்டுவந்தது. போணி ஆகவில்லை. விசாரித்தால், நான்கைவிட மூன்று சிறியது, எனவே இதில் இறைச்சி குறைவு என்று வாடிக்கையாளர்களில் பலர் நினைத்தார்களாம். அந்நிறுவனத்தின் அப்போதைய உரிமையாளரே பின்னாளில் எழுதியது இது.

‘ஆர்டர் ஆஃப் மேக்னிட்யூட்’ என்பதை ‘நிறைய’ என்ற பொருளில் போடலாமா?

வேண்டாம். அது பத்து மடங்கு. ‘டூ ஆர்டர்ஸ்’ என்றால் நூறு மடங்கு. விற்பனை மூன்று மடங்கு ஆனதற்கு இதைப் போட்டால் பொறியாளர்கள் சிரிப்பார்கள்.

நிலநடுக்க அளவு இப்படிப் பத்துப் பத்தாக ஏறும் அளவுகோல். அளவு 7-க்கும் 9-க்கும் நடுவே அதிர்வின் வீச்சில் நூறு மடங்கு வேறுபாடு. வெளிப்படும் ஆற்றலிலோ சுமார் ஆயிரம் மடங்கு, ஏனென்றால் ஒவ்வொரு படிக்கும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடுகிறது. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம் 9.1. அதை 7.1 நிலநடுக்கத்தோடு ஒப்பிட்டு ‘கொஞ்சம் பெரியது’ என்று எழுதுவது எவ்வளவு அபத்தம் என்று தெரிகிறதல்லவா?

‘எக்ஸ்பொனென்ஷியலி’?

வேகமாக என்று பொருள் இல்லை. ஒவ்வொரு கால அளவிலும் இருப்பதன் மீது அதே விகிதத்தில் கூடுவது. ஆண்டுக்கு 1 சதவீதம் கூடினாலும் அது எக்ஸ்பொனென்ஷியல்தான், இரட்டிக்கச் சுமார் 70 ஆண்டு ஆகும். ஒரே ஒரு தடவை கிடுகிடுவென்று ஏறியதற்கு ‘ஷார்ப்லி’ போதும்.

‘டெசிமேட்’ என்றால் பத்தில் ஒன்றை அழிப்பதா?

பழைய ரோமாபுரியில் அப்படித்தான். பணிந்து நிற்காத படைப்பிரிவைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்துச் சீட்டுப் போடுவார்கள். சீட்டு விழுந்தவனை மற்ற ஒன்பது பேரே அடித்துக் கொல்ல வேண்டும். கி.மு. 71 வாக்கில், ஸ்பார்ட்டகஸ் தலைமையில் நடந்த அடிமைகள் கிளர்ச்சியை அடக்கப் போன ரோமானியத் தளபதி கிராசஸ் இந்தத் தண்டனையைத் தன் வீரர்கள் மீதே பயன்படுத்தினார்.

இன்று பெருமளவு அழிவதற்கெல்லாம் இந்தச் சொல் வருகிறது. அதைத் தப்பு என்று சண்டை போடுவது வீண். ஆனால் பக்கத்தில் எண் வைக்காதீர்கள்; ‘டெசிமேட்டட் பை 40 பர்சன்ட்’ எந்தக் கணக்கிலும் ஒட்டாது.

‘லயன்ஸ் ஷேர்’, ‘த பெட்டர் பார்ட்’ போன்றவற்றுக்கு அளவு உண்டா?

உத்தேச அளவுதான். ஈசாப் கதையில் சிங்கம் எல்லாப் பங்கையும் தானே எடுத்துக்கொள்ளும். இன்றைய வழக்கில் மிகப் பெரிய பங்கு. தமிழில் பெரும்பங்கு என்று எழுதினால் போதும், ‘சிங்கப் பங்கு’ எல்லாம் தேவையில்லை.

‘த பெட்டர் பார்ட் ஆஃப் அன் அவர்’ என்பதில் நல்லது கெட்டது எதுவும் இல்லை: ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல், முக்கால்வாசி. ‘எ குட் டூ அவர்ஸ்’ என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். ‘எ ஃப்ராக்ஷன் ஆஃப் த காஸ்ட்’ சின்னப் பங்கு என்ற தொனியில் வரும்; பத்தில் ஒன்பதும் பின்னம்தானே என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாது, அதனால் ஒப்பந்தத்தில் எழுதக் கூடாது.

‘டிஸ்ப்ரொபோர்ஷனேட்’ என்றாலே சொத்துக் குவிப்பு வழக்குதான் ஞாபகம் வருகிறது. ‘அதிகம்’ என்பதும் அதுவும் ஒன்றா?

வெறும் அதிகம் இல்லை, எதற்கோ பொருந்தாத அளவு. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் பேசுவது தெரிந்த வருமான வழிகளுக்குப் பொருந்தாத சொத்தை. நூறு கோடி சொத்து இருப்பது தன்னளவில் குற்றமில்லை, சம்பளத்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் கேள்வி. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1977-இல் கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கில், கூடுதல் சொத்து மொத்த வருமானத்தில் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்பதால் அதை அப்படிக் கருதவில்லை உச்ச நீதிமன்றம். பத்து சதவீதம் எதில் என்பதைக் கவனியுங்கள்: வருமானத்தில், சொத்தில் இல்லை.

எனவே எழுதும்போது ‘டு’ போட்டு ஒப்பீட்டைச் சொல்லியாக வேண்டும். வேலை விளம்பரத்தில் வரும் ‘கமென்ஷுரேட் வித் எக்ஸ்பீரியன்ஸ்’ இதற்கு நேர் எதிர்: அனுபவத்துக்குத் தக்கபடி சம்பளம். எவ்வளவு என்று சொல்லாமல் நழுவும் சொல் என்பது வேலை தேடியவர்களுக்குத் தெரியும்.

‘ப்ரோ ராட்டா’, ‘பெர் கேப்பிட்டா’?

முதலாவது, இருந்த அளவுக்கு ஏற்ற பங்கு. மாதம் 30,000 சம்பளம், 30 நாள் மாதத்தில் 16-ஆம் தேதி சேர்ந்தால் 15,000. ஆனால் எல்லா நிறுவனமும் 30-ஆல் வகுப்பதில்லை, வேலை நாளால் வகுப்பவர்களும் உண்டு. ஆஃபர் லெட்டரில் எதால் வகுக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, தலைக்கு இவ்வளவு. ‘பெர் கேப்பிட்டா பெர் பர்சன்’ என்று எழுதுவது ‘நடு சென்டர்’ மாதிரி. அது சராசரி என்பதால், நடுவில் நிற்கும் மனிதருக்குக் கிடைப்பதையும் அது காட்டாது.

‘டூ க்ளெவர் பை ஹாஃப்’ என்பதில் எதில் பாதி?

எதிலும் இல்லை. அதிபுத்திசாலித்தனம் என்று இடித்துக் காட்டும் பிரிட்டிஷ் வழக்கு. பாராட்டு என்று நினைத்து மேலாளருக்கு அனுப்பும் மெயிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.